குதிரையின் தமனியைச் சிதைக்கும் குடற்புழு

குதிரைக்குக் கடும் வயிற்றுவலி கண்டால் தீவனத்தையே பலரும் சந்தேகிப்பர். சில வேளைகளில் காரணம் ரத்தநாளத்தில் இருக்கிறது.

'ஸ்ட்ராங்கைலஸ் வல்காரிஸ்' என்ற உருண்டைப் புழுவின் இளம்புழுக்கள் மேய்ச்சல் புல்லுடன் உடலுக்குள் செல்கின்றன. குடல் சுவரைத் துளைத்து, சிறு தமனிகளின் உட்சுவர் வழியே நகர்ந்து, சுமார் 3 வாரங்களில் குடலுக்கு ரத்தம் வழங்கும் முதன்மைத் தமனியை அடைகின்றன. அங்கு 3 முதல் 4 மாதங்கள் வரை தங்குகின்றன. அக்காலத்தில் தமனிச் சுவர் அழற்சியுற்றுத் தடிக்கிறது; அதன் மீது ரத்தம் உறைகிறது. உறைகட்டியின் துணுக்கு பிரிந்து சென்று கிளைத் தமனியை அடைத்தால், அப்பால் உள்ள குடல் பகுதி ரத்தமின்றி அழுகத் தொடங்கும். அதன்பின் பெரும்பாலும் அறுவை சிகிச்சை ஒன்றே வழி.

லத்திப் பரிசோதனையும் இங்கு ஏமாற்றிவிடும். புழு முதிர்ந்து முட்டையிட 6 மாதங்களுக்கு மேலாகும் என்பதால், தமனி சேதமடையும் காலத்தில் அதன் முட்டை லத்தியில் இராது.

1980-களில் ஐவர்மெக்டின் மருந்து பரவலான பின் இப்புழு அரிதானது. எனினும், மருந்து எதிர்ப்பைத் தடுக்க 1999-இல் புழுநீக்க மருந்துகளுக்கு மருத்துவர் பரிந்துரையைக் கட்டாயமாக்கிய டென்மார்க்கில், தேர்ந்தெடுத்த குதிரைகளுக்கு மட்டும் மருந்தளித்த பண்ணைகளில் இப்புழு கூடுதலாகக் காணப்பட்டது ஆய்வில் தெரியவந்தது.