இசை விழுங்கும் வசனம்

டி.வி. தொடர்களில் பேச்சு புரியவில்லையா? காதை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை

மும்பை தாராவியில் இருட்டத் தொடங்கினால் தமிழ்த் தொடர்களின் நேரம். 90 அடி சாலையை ஒட்டிய சந்துகளில் சுவரோடு சுவர் ஒட்டிய ஒற்றை அறை வீடுகள். மின்விசிறி, பிரஷர் குக்கர், பக்கத்துப் பட்டறையின் தையல் எந்திரம் என்று சத்தத்துக்குக் குறைவில்லை. அத்தனையையும் மீறி டி.வி.யின் வயலினும் உடுக்கையும் காதில் விழுந்துவிடுகின்றன. மாமியார் மருமகளிடம் என்ன சொன்னார் என்பதுதான் புரிவதில்லை. வால்யூமைக் கூட்டினால் இசையும் சேர்ந்தே ஏறுகிறது. அடுத்த வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு இடைஞ்சல்தான் மிச்சம்.

காரணத்தின் ஒரு பகுதி பேச்சிலேயே இருக்கிறது. உயிரெழுத்துகள் உரத்து ஒலிப்பவை. மெய்யெழுத்துகளோ மெலிந்தவை, வல்லினம்கூடப் பெயரில்தான் வலிமையானது. ஆனால் 'கதை'யையும் 'கடை'யையும் பிரித்துக் காட்டுவது மெய்தான். இந்த நுட்பமான வேறுபாடுகள் பெரிதும் 1,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களில் அடங்கியிருக்கின்றன. வயலின், புல்லாங்குழலின் ஒலியும் அங்கேயே வந்து மோதுகிறது. முதுமையில் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களைத்தான். இரைச்சலான எந்திரங்களோடு ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்களுக்கு அந்த இழப்பு முன்னதாகவே வரலாம்.

மீதிப் பழி பெட்டிக்கு. பழைய டி.வி.க்கள் பலவற்றில் ஸ்பீக்கர் பார்ப்பவரை நோக்கியிருந்தது. மெல்லிய திரைகளில் அது கீழ்ப்புறமோ பின்புறமோ ஒளிந்துகொண்டது. ஒலி சுவரிலும் தகரத்திலும் மோதித் திரும்பும்போது வசனம் கலங்கிவிடுகிறது. ஒலிக்கலவை செய்பவரோ அமைதியான அறையில், தரமான ஸ்பீக்கரில் கேட்கிறார். போதாக்குறைக்கு, திரும்பத் திரும்பக் கேட்டதில் வசனம் அவருக்கு மனப்பாடம்.

இது தமிழ்த் தொடர்களின் வியாதி மட்டுமல்ல. 2011இல் பி.பி.சி.யின் 'வொண்டர்ஸ் ஆஃப் தி யூனிவர்ஸ்' அறிவியல் தொடரில் இசை பேச்சை மூழ்கடிப்பதாக நூற்றுக்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. தொகுப்பாளர் பிரையன் காக்ஸுக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அடுத்த பகுதிகளின் ஒலி மாற்றியமைக்கப்பட்டது. அமேசான் பிரைம் வீடியோ 2023இல், வசனத்தை மட்டும் உயர்த்திக் கேட்கும் வசதியை முதலில் சில ஆங்கிலப் படைப்புகளுக்கு அளித்தது. கேபிள் இணைப்பை நம்பும் வீட்டுக்கு அது உதவாது.

அங்கே கைவைத்தியம்தான். ஒலி அமைப்பில் 'ஸ்பீச்', 'கிளியர் வாய்ஸ்' போன்ற தேர்வு இருந்தால் அதைப் போடலாம். 'சரவுண்ட்' வசதியை நிறுத்தி, 'பாஸ்' அளவைக் குறைத்துப் பார்க்கலாம். பின்புற ஸ்பீக்கர் என்றால் டி.வி.யைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வைக்கலாம். முகம் பார்த்து வைக்கும் சிறிய ஸ்பீக்கர் ஒன்று இன்னும் மேல்.

இழப்பு கதையோடு போவதில்லை. மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ படிக்கும் தாராவித் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு, வீட்டுக்கு வெளியே தமிழ் காதில் விழும் வழிகளில் டி.வி.யும் ஒன்று. தமிழ் வசனத்தைத் தமிழ் எழுத்திலேயே திரையில் ஓடவிட்டால் காது மந்தமான பாட்டிக்கும் எழுத்துக் கூட்டும் பேரனுக்கும் ஒருசேரப் பயன். காது கேளாதோருக்காக வசன எழுத்து, சைகை மொழி குறித்த தரநிலைகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2019இல் வெளியிட்டது.

அதைவிடச் செலவில்லாத வழியும் உண்டு. ஒளிபரப்புக்கு அனுப்பும் முன், மின்விசிறி ஓடும் சிறிய அறையில், சாதாரண டி.வி.யில், வசனம் தெரியாத ஒருவரை உட்கார வைத்துக் கேட்கச் சொன்னால் போதும். அவருக்குப் புரிந்தால் தாராவிக்கும் புரியும்.