நகரத்து மண்ணில் தங்கிவிடும் காரீயம்



தோட்டத்து மண்ணில் விழும் எதுவும் மக்கிப்போவதைக் கண்டு பழகியவர்கள் நாம். பால்மரத்தின் இலைகள் உதிர்ந்து மறு ஆண்டே உரமாகின்றன. வெட்டிப் போட்ட செம்பனை மட்டையும் நாளடைவில் மண்ணோடு மண்ணாகிவிடுகிறது. ஆனால் உலோகங்களுக்கு அக்குணம் கிடையாது. இரும்பு துருப்பிடித்து உதிர்ந்தாலும் இரும்பாகவே மண்ணில் கிடக்கும். காரீயம், காட்மியம், செம்பு, துத்தநாகம் ஆகியவையும் அத்தகையனவே. மனிதன் அவற்றை ஓரிடத்தில் கொட்டிவிட்டால், அவனுடைய பேரப்பிள்ளைகள் காலத்திலும் அவை அங்கேயே இருக்கும்.

இங்கு ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் நாட்டில் ஈயம் என்றதும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களும் ஈயக் குட்டைகளும் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். இரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆனதே. நான் கூறவந்தது கனமான, கருமை சார்ந்த காரீயத்தைப் பற்றியாகும். இரண்டும் வேறு வேறு உலோகங்கள்.

நகரத்து மண்ணில் காரீயம் எவ்வாறு வந்தது? மோட்டார் வாகனங்களின் இயந்திரம் தட்டுத் தடங்கலின்றி ஓடுவதற்காகப் பெட்ரோலில் காரீயச் சேர்மம் ஒன்றைக் கலக்கலாம் என்று 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கண்டறிந்தனர். அது முதல் பல பத்தாண்டுகள், உலகத்துச் சாலைகளில் ஓடிய வாகனங்களின் புகையோடு காரீயத்தூளும் வெளிவந்து சாலையோரங்களில் படிந்தது. சிங்கப்பூரில் 1998இல் அப்பெட்ரோல் நிறுத்தப்பட்டது. கடைசி நாடாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. புகை நின்றது, ஆயினும் படிந்த காரீயம் மேல்மண்ணின் சில அங்குலத்திற்குள்ளேயே தங்கிவிட்டது. பழைய கட்டடங்களின் சாயம் உரிந்து விழுவதாலும், பேட்டரிகளை உடைத்து உருக்கும் பட்டறைகளாலும் அது மேலும் பெருகுகிறது. நாம் மரம் சீவி எடுக்கும் பாலுக்கும் இக்கதையில் ஓர் இடமுண்டு. இரப்பரை டயராக்கும்பொழுது துத்தநாகம் கலந்த பொருள் சேர்க்கப்படுகிறது. டயர் தேயத் தேய அத்துத்தநாகம் சாலையோர மண்ணில் சேர்கிறது.

இதனால் பெரிதும் பாதிக்கப்படுவோர் சிறு குழந்தைகளே. தரையில் தவழும் குழந்தை மண் படிந்த கையை வாயில் வைக்கிறது. வயிற்றுக்குள் செல்லும் காரீயத்தில் பெரியவர்களின் உடல் ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கைக் குழந்தையின் உடல் ஏற்றுக்கொள்கிறது. உடல் அதனைச் சுண்ணாம்புச் சத்தென்று மயங்கி எலும்பிலும் பல்லிலும் சேமித்துவைக்கிறது. உணவில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த பிள்ளைகளுக்கு இத்தீங்கு அதிகம்.

1979ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் நீடில்மன் என்னும் அமெரிக்க மருத்துவரும் அவருடைய குழுவினரும் பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஆராய்ந்தனர். பார்வைக்கு அப்பிள்ளைகள் எந்த நோயும் அற்றவர்கள். எனினும் பல்லில் காரீயம் மிகுந்தவர்கள் அறிவுத் தேர்வில் குறைந்த புள்ளிகளே பெற்றனர்; வகுப்பில் கவனம் சிதறுபவர்களாகவும் இருந்தனர். ஆசிரியர் என்ற முறையில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான். நாம் சோம்பேறி என்றும் குறும்பன் என்றும் கடிந்துகொள்ளும் ஒரு பிள்ளையின் குறை, அவன் விளையாடிய மண்ணிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம் அல்லவா? காரீயத்தைப் பொறுத்தவரை, தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் கருத்தாகும்.

அளவு மிகுந்தால் உயிருக்கே ஆபத்து. செனகல் நாட்டின் தலைநகரான டாக்காரை அடுத்த தியரோயே-சுர்-மேர் என்னும் ஊரில், பழைய வாகனப் பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுப்பது பலரது பிழைப்பாக இருந்தது. காரீயத்தின் விலை ஏறியபொழுது, ஏற்கெனவே மண்ணில் சிந்திக் கிடந்த துணுக்குகளையும் சலித்தெடுக்கத் தொடங்கினர். மண்ணை மூட்டைகட்டி வீட்டிற்கும் கொண்டுசென்றனர். 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை அவ்வூரில் 18 குழந்தைகள் மாண்டனர். ஆய்வு நடத்தியபொழுது, ஓரிடத்து மண்ணில் கிலோவுக்கு 300 கிராமுக்கும் மேல் காரீயம் இருந்தது. தாய்மார்கள் அறிந்து செய்த பிழையன்று. வயிற்றுப்பாட்டுக்கான வேலை அது. பழைய இரும்பு பொறுக்கி விற்கும் குடும்பங்கள் நம்மிடையேயும் உள்ளன. ஆகவே இதனைச் சற்று விரிவாகக் கூறினேன்.

மண்ணில் வாழும் உயிர்களும் தப்புவதில்லை. மண்புழு காட்மியத்தைத் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது. புழுவைத் தின்னும் பறவைக்கும் அது போய்ச்சேர்கிறது. நம் தோட்டங்களில் இளங்கன்றுகளுக்கிடையே மூடுபயிர் வளர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. இங்கிலாந்தின் வோபர்னில் ஓர் ஆராய்ச்சி வயலுக்கு 1942 முதல் 1961 வரை நகரச் சாக்கடைக் கசடு உரமாக இடப்பட்டது. நிறுத்தி இருபது ஆண்டுகளுக்குப் பின்னும், கசடில் வந்த உலோகங்களால் அங்கு குளோவர் என்னும் தீவனப் பயிரின் வேர் முடிச்சுகள் தம் தொழிலைச் செய்யவில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் நம் குடும்பங்கள் பல நகரத்தின் ஓரங்களில் குடியேறிவிட்டன. அங்கும் வீட்டோரம் நாலு கீரைப்பாத்தி போடாமல் நம்மவர்களுக்கு மனம் ஆறாது. பட்டறை இருந்த இடத்திலும் பெருஞ்சாலையின் விளிம்பிலும் கீரையும் கிழங்கும் பயிரிட வேண்டா. வேறு இடம் இல்லையெனில், நல்ல மண்ணைக் கொண்டுவந்து மேடைப்பாத்தி அமைத்துக்கொள்ளலாம். கத்தரி, வெண்டை போன்ற காய்களில் காரீயம் ஏறுவது குறைவு. கீரையை ஒட்டிய மண் போகப் பலமுறை அலச வேண்டும். கொதிக்கவைப்பதால் உலோகம் அழியாது. காலணிகளை வாசலிலேயே விடுங்கள். தூசி பறக்கப் பெருக்குவதைவிட ஈரத்துணியால் துடைப்பது நன்று. பட்டறையில் பணிபுரியும் தந்தையின் உடைகளைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது. வீட்டு முற்றத்தில் பேட்டரியை உடைப்பதும், செம்புக்காகக் கம்பிகளை எரிப்பதும் அறவே கூடா.

கெட்டுப்போன மண்ணை வாரி அப்புறப்படுத்துவது பெருஞ்செலவு. அமெரிக்காவின் ஓக்லண்டு நகரில் 2011ஆம் ஆண்டில் வேறொரு வழியைக் கையாண்டனர். மீன் எலும்புத் தூளை மண்ணில் கலந்து, அதன்மேல் நல்ல மண்ணைப் பரப்பிப் புல்லும் செடியும் வளர்த்தனர். எலும்பிலுள்ள பாஸ்பேட்டு காரீயத்தோடு கூடி, எளிதில் கரையாத உப்பாகிவிடுகிறது. காரீயம் மண்ணைவிட்டு நீங்கவில்லை. ஆயினும் அம்மண் ஒரு குழந்தையின் வாய்க்குள் போனாலும், அதிலுள்ள காரீயத்தின் பெரும்பகுதி இரத்தத்தில் கலக்காமல் வெளியேறிவிடும்.