பெரிய வீல்: பார்வைக்கு ஜோர், பள்ளத்தில் விழுந்தால் 'டமார்'!

கடையம்,-

குற்றாலத்தில் சாரல் தொடங்கி விட்டால் போதும். அம்பாசமுத்திரம் பக்கம் இருந்து வரும் கார்கள் கடையம் வழியாகப் பறக்கும்.

அதில் சில கார்கள் கண்ணைப் பறிக்கும். வண்டி சின்னது, வீலோ பெரியது. ரிம்மைச் சுற்றி வளையல் போட்டது போல டயர் மெல்லிசாக இருக்கும்.

பார்வைக்கு ஜோர்தான். ஓட்டத்துக்கு எப்படி?

4 செ.மீ. ரப்பர் போச்சு

டயரில் 165/80 ஆர்14 என்று எழுதி இருந்தால், அகலம் 165 மி.மீ. அதில் 80 சதவீதம், அதாவது 13.2 செ.மீ., பக்கவாட்டு ரப்பர். 14 என்பது ரிம்மின் அங்குலம். மொத்த உயரம் சுமார் 62 செ.மீ.

அதே உயரத்தில் 17 அங்குல ரிம் மாட்ட வேண்டுமா? 205/45 டயர் போட வேண்டும். ரப்பர் 9.2 செ.மீ.தான் மிஞ்சும்.

இதில் லாபமும் உண்டு. தடித்த ரப்பர் வளைவில் நெளியும். மெல்லிய ரப்பர் அவ்வளவாக நெளியாது. ஸ்டீரிங்கைத் திருப்பிய உடனே கார் திரும்பும். பெரிய பிரேக் டிஸ்க் வைக்கவும் இடம் கிடைக்கும். ஸ்போர்ட்ஸ் கார்களில் பெரிய வீல் இருப்பது இதற்காகத்தான்.

யார் அடி வாங்குவது?

நம் ஊர் ரோட்டில் கதை வேறு. பள்ளத்தில் விழும் அடியை முதலில் தாங்குவது ரப்பர்தான். அது குறைந்தால் அடி நேராக ரிம்முக்குப் போகும். ரிம் நெளியும், அலாய் வீல் என்றால் விரிசலும் விடும். டயர் பக்கவாட்டில் புடைக்கும்.

வீல் கனமானால் 'பிக்கப்' குறையும். பிரேக்குக்கும் வேலை அதிகம். சாரல் தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போனால், அகல டயர் சீக்கிரம் மிதந்து வழுக்கும்.

டயரின் மொத்த உயரம் 5 சதவீதம் கூடினால் மீட்டரும் ஏமாற்றும். மீட்டர் 80 கி.மீ. காட்டும்போது கார் 84-ல் ஓடும்!

பந்தயக் காரிலேயே 13

கோவை வீரர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் ஓட்டிய பார்முலா-1 காருக்கு 13 அங்குல வீல்தான். தடித்த ரப்பரே பாதி ஸ்பிரிங் வேலை பார்த்தது. அந்தப் பந்தயத்தில் 18 அங்குலம் வந்ததே 2022-ல்தான்.

ஜெயிலும் உண்டு

கம்பெனியின் மூல விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2019 ஜனவரி 9-ந் தேதி தீர்ப்பு கூறியது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

ஒரே மாடல் காருக்குக் கம்பெனியே இரண்டு, மூன்று வீல் அளவு கொடுப்பது உண்டு. டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கரிலோ, காரோடு வந்த புத்தகத்திலோ அந்த அளவுகள் இருக்கும். கடைக்காரரிடம் விலை பேசும் முன் அதைப் பார்த்து விடுவது நல்லது.