பழகுதலும் பழக்குதலும்



தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்களைப் படிப்பிக்கும்போது மாணவர் தவறாமற் சிரிக்கும் இடம் ஒன்றுண்டு. யானை, குதிரை, கழுதை, கடமை, பசு ஆகிய ஐந்தின் இளமைக்கும் கன்று என்ற பெயர் உரியது என்கிறது அந்நூல். "கழுதைக்கன்றா, சேர்?" என்பார்கள். இன்று நாம் குட்டி என்கிறோம். ஆனால் கழுதையை யானையோடும் பசுவோடும் ஒரே வரிசையில் நிறுத்தத் தொல்காப்பியர் தயங்கவில்லை.

மன்னார்த் தீவில் கழுதைகள் கட்டாக்காலிகளாகத் திரிவதை அங்கு சென்றவர் அறிவர். அராபிய வணிகர் பொதி சுமக்கக் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை என்பது மரபுவழிச் செய்தி. லொறிகள் வந்தபின் சுமையும் போயிற்று, உடையவனும் போனான். வாகனம் மோதிக் காயப்படுவன பல. 2017இல் கழுதைகளுக்கென மன்னாரில் ஒரு மருத்துவ நிலையம் தொடங்கப்பட்டது. எனினும், மனிதக் கை படாது வளர்ந்த குட்டிக்கு மருந்திடும் கையும் கல்லெறியும் கையும் ஒன்றே. பழக்குதலின் தேவை இங்கேதான் பிறக்கிறது.

'பழகு' தன்வினை, 'பழக்கு' பிறவினை. இலக்கணத்தில் தன்வினையிலிருந்தே பிறவினை பிறக்கிறது. குட்டி விடயத்திலும் வரிசை அதுவே. முதலில் அது நம்மோடு பழக வேண்டும். பின்னரே நாம் அதைப் பழக்கலாம்.

தாயைப் பிரிக்காமல் அருகே அமைதியாக நிற்பது முதற்படி. தாய் கலவரமின்றி மேய்ந்தால் குட்டியும் துணிவு கொள்ளும். முகத்தை நோக்கிக் கை நீட்டலாகாது. கழுத்தடியிலும் தோளிலும் சொறிந்துகொடுக்க வேண்டும். அங்கிருந்து முதுகு, வயிறு, கால் என்று கை மெல்ல இறங்கலாம். காலை ஒரு கணம் தூக்கி, அது இழுத்துப் பறிக்குமுன் நாமே கீழே விட்டால், பின்னாளில் குளம்பு சீவுவது எளிதாகும்.

அடுத்தது தலைக்கயிறு. கயிற்றை நேரே முன்னால் இழுத்தால் குட்டி பின்னால் இழுக்கும். இளங்கழுத்துக்கு அது ஆபத்து. சற்றுப் பக்கவாட்டில் மெல்ல இறுக்கி, அது ஓரடி வைத்த கணமே தளர்த்த வேண்டும். இறுக்கம் கேள்வி, தளர்வு பாராட்டு. தளர்த்தப் பிந்தினால் பாடம் குழம்பிவிடும். நாளுக்குச் சில நிமிடங்கள் போதும்.

கழுதையைப் பிடிவாதக்காரன் என்பது நம் வழக்கு. குதிரை அஞ்சினால் ஓடும். கழுதையோ பெரும்பாலும் அசையாது நின்று யோசிக்கும். அச்சத்தை அடம் என்றெண்ணி அடிப்பவர், அஞ்ச மேலும் ஒரு காரணத்தையே கொடுக்கிறார்.

இந்த அறிவின் பெறுமதியை வரலாறும் காட்டுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, பாரசீக வளைகுடாப் பக்கமிருந்து ஆண்டுதோறும் கப்பலில் வந்த குதிரைகளிற் பெரும்பாலானவை, பேணத் தெரிந்தவர் இல்லாமையால் இறந்தன என எழுதினார். பொன் கொடுத்துக் குதிரையை வாங்க முடிந்தது. பேணும் அறிவு கப்பலில் வரவில்லை.

மன்னார்க் கழுதைக்கு இன்று எவரும் பொன் கொடுப்பதில்லை. ஆயினும் வீதியோரக் குட்டியைக் கல்லெறிந்து விரட்டாமல் விடுவதே பழக்குதலின் தொடக்கம். நாளை அதன் காயத்துக்கு மருந்திட வருபவருக்கு, இன்று நாம் செய்யக்கூடிய உதவி அது.