வீட்டோவை வென்ற சட்டம்: ரேகனின் தென்னாப்பிரிக்கக் கொள்கையும் அமெரிக்கக் காங்கிரசும்

1986ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அமெரிக்க செனட் அவை, தன் நாட்டு அதிபரின் வெளியுறவுக் கொள்கையை 78க்கு 21 என்ற வாக்குகளில் தோற்கடித்தது. அதிபர் ரொனால்ட் ரேகன் அதற்கு ஈராண்டுகளுக்கு முன்புதான் 50 மாநிலங்களில் 49ஐ வென்று இரண்டாம் முறையாக அதிபரானவர். செனட்டில் பெரும்பான்மையும் அவருடைய குடியரசுக் கட்சியின் வசமே இருந்தது. ஆயினும், அவர் வீட்டோ செய்து திருப்பியனுப்பிய ஒரு மசோதா, அவரது ஒப்புதல் இன்றியே சட்டமானது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி அரசுக்கு எதிராகப் பொருளாதாரத் தடைகளை விதித்த விரிவான இனஒதுக்கல் எதிர்ப்புச் சட்டமே அது.

வெளியுறவு என்பது ஆட்சித் தலைவரின் தனி உடைமை, அதில் மக்களுக்கோ மக்கள் மன்றத்துக்கோ இடமில்லை என்பது ஆட்சியாளர்கள் விரும்பிப் பரப்பும் கருத்து. அமெரிக்காவைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். மீதிப் பாதி எங்கே எழுதப்பட்டுள்ளது, அது எப்போது உயிர்பெறுகிறது, உயிர்பெற்ற பின்னும் எங்கே முடங்குகிறது என்பவற்றை இச்சட்டத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்க முற்படுகிறோம். ஒடுக்கப்பட்ட மக்கள் தம் நீதிக்கான குரலை அயல்நாட்டு அவைகளில் எழுப்பும்போது எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்ற கேள்விக்கும் இதில் விடை உண்டு.

அரசமைப்பு பங்கிட்ட அதிகாரம்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தில் ‘வெளியுறவுக் கொள்கை’ என்ற தொடரே கிடையாது. அதன் கூறுகள் மட்டும் இரு தரப்புக்கும் பங்கிட்டுத் தரப்பட்டுள்ளன. இரண்டாம் உறுப்பின்படி அதிபர் படைகளின் தலைமைத் தளபதி, ஒப்பந்தங்களைச் செய்பவர், தூதர்களை நியமிப்பவர். ஆனால் ஒப்பந்தத்துக்கு செனட் அவையில் வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினரின் இசைவு வேண்டும். தூதர் நியமனத்துக்கும் செனட்டின் ஒப்புதல் வேண்டும். முதல் உறுப்போ, போரை அறிவிப்பதையும், அயல்நாடுகளுடனான வணிகத்தை ஒழுங்குபடுத்துவதையும், கருவூலத்திலிருந்து பணம் ஒதுக்குவதையும் காங்கிரசிடம், அதாவது பிரதிநிதிகள் அவையும் செனட்டும் சேர்ந்த நாடாளுமன்றத்திடம் ஒப்படைக்கிறது.

இப்பங்கீட்டின் வலிமையை முதலாம் உலகப் போரின் முடிவில் அதிபர் உட்ரோ வில்சன் உணர்ந்தார். அவரே முன்னின்று பேசி முடித்த வெர்சாய் ஒப்பந்தத்தை 1919இலும் 1920இலும் செனட் ஏற்க மறுத்தது. அவர் கனவு கண்ட நாடுகளின் கழகத்தில் அமெரிக்கா சேரவே இல்லை.

நீதிமன்றங்கள் இரு திசைகளிலும் பேசியுள்ளன. 1936இல் கர்டிஸ்–ரைட் வழக்கில், அயல்நாட்டு உறவுகளில் நாட்டின் சார்பில் பேசும் ஒரே உறுப்பு அதிபர் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதிபர்களின் வழக்கறிஞர்கள் இன்றளவும் அத்தீர்ப்பையே ஏந்திப் பிடிக்கின்றனர். ஆனால் 1952இல், கொரியப் போரின்போது அதிபர் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தியது செல்லாது எனத் தீர்ப்பான வழக்கில், நீதிபதி ராபர்ட் ஜாக்சன் வேறோர் அளவுகோலைத் தந்தார். காங்கிரசின் இசைவோடு செயல்படும்போது அதிபரின் அதிகாரம் உச்சத்தில் இருக்கிறது. காங்கிரசு மௌனமாக இருக்கும்போது அது தெளிவற்ற நிலையில் இருக்கிறது. காங்கிரசின் வெளிப்படையான விருப்பத்துக்கு மாறாகச் செயல்படும்போது அது மிகத் தாழ்ந்து போகிறது. காங்கிரசின் மௌனம் அதிபருக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

‘ஆக்கபூர்வ ஈடுபாடு’

1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, பிறப்பின் அடிப்படையில் மனிதர்களைப் பதிவு செய்து, வாழுமிடம், கல்வி, வேலை, திருமணம் அனைத்தையும் நிறத்தால் பிரித்தது. 1960இல் ஷார்ப்வில்லில் 69 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். 1976இல் சொவெட்டோவில் பள்ளி மாணவர்கள் மீது துப்பாக்கிகள் திரும்பின. இவ்வளவுக்கும் பிறகு 1981இல் பதவியேற்ற ரேகன் அரசு கடைப்பிடித்த கொள்கையின் பெயர் ‘ஆக்கபூர்வ ஈடுபாடு’. வெளியுறவுத் துறையில் ஆப்பிரிக்க விவகாரங்களுக்குப் பொறுப்பான செஸ்டர் குரோக்கர் வகுத்த இக்கொள்கையின் சாரம் எளிமையானது: பிரிட்டோரியா அரசைப் பகைக்காமல், நட்போடு பேசி, மெல்லத் திருத்துவது. கனிம வளமும், சோவியத் செல்வாக்கைத் தடுக்கும் கணக்கும் இதன் பின்னால் இருந்தன.

அந்த நட்பின் விளைவு என்ன? 1984இல் நடைமுறைக்கு வந்த தென்னாப்பிரிக்காவின் புதிய அரசமைப்பு, கலப்பினத்தவருக்கும் இந்திய வம்சாவளியினருக்கும் தனித்தனி அவைகளைத் தந்துவிட்டு, நாட்டின் பெரும்பான்மையினரான கறுப்பின மக்களை முற்றாக வெளியே நிறுத்தியது. நகர்ப்புறக் குடியிருப்புகள் கொந்தளித்தன. பொருளாதாரத் தடை விதித்தால் அது கறுப்பின மக்களையே முதலில் பாதிக்கும் என்று வாஷிங்டன் பரிவோடு பேசியது. ஆனால் பாதிக்கப்படவிருந்தவர்களின் இயக்கங்கள் வேறு சொல்லின. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் ஆல்பர்ட் லுதூலி 1950களின் இறுதியிலேயே புறக்கணிப்பைக் கோரியவர். 1985இல் உருவான கொசாட்டு தொழிற்சங்கக் கூட்டமைப்பும், ஆயர் டெஸ்மண்ட் டூட்டுவும் அதையே கோரினர். ஒடுக்கப்பட்டோரைக் கேட்காமல் அவர்கள் நலனைத் தீர்மானிக்கும் பழக்கம் எல்லா அதிகார மையங்களுக்கும் பொதுவானது.

தெருவிலிருந்து அவைக்கு

காங்கிரசின் கறுப்பின உறுப்பினர்கள், குறிப்பாகக் கலிஃபோர்னியாவின் ரான் டெலம்ஸ், 1970களின் தொடக்கத்திலிருந்தே தடை மசோதாக்களைக் கொண்டுவந்தனர். அவை குழுக்களிலேயே உறங்கின. நிலைமையை மாற்றியது தெரு. 1984 நவம்பர் 21 அன்று, டிரான்ஸ்ஆப்பிரிக்கா அமைப்பின் ராண்டல் ராபின்சன், குடிசார் உரிமைகள் ஆணைய உறுப்பினர் மேரி பிரான்சிஸ் பெர்ரி, வாஷிங்டன் நகரின் பிரதிநிதி வால்டர் ஃபான்ட்ராய் ஆகியோர் தென்னாப்பிரிக்கத் தூதரகத்துக்குள் அமர்ந்து, வெளியேற மறுத்துக் கைதாயினர். அதைத் தொடர்ந்து தூதரக வாயிலில் தொடர் மறியல் தொடங்கியது. ஓராண்டுக்கும் மேலாக ஆயிரக்கணக்கானோர் கைதாயினர். அவர்களில் காங்கிரசு உறுப்பினர்களும் இருந்தனர். அவ்வாண்டின் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற டூட்டு, டிசம்பரில் பிரதிநிதிகள் அவையின் துணைக்குழு முன் தோன்றி, ஆக்கபூர்வ ஈடுபாடு ஒழுக்கக்கேடானது, தீயது, கிறித்தவ நெறிக்கே முரணானது என்று சாட்சியமளித்தார்.

1985இல் இரு அவைகளும் தடை மசோதாவைத் தத்தம் வடிவில் நிறைவேற்றின. இருவடிவங்களையும் இணைத்த இறுதி மசோதா செனட்டின் முன் காத்திருந்தபோது, ரேகன் தம் கையிலிருந்த இன்னொரு கருவியை எடுத்தார். செப்டம்பர் 9 அன்று ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்து, மசோதாவிலிருந்த சில தடைகளை வலுக்குறைத்துத் தாமே அறிவித்தார். அதிபரே செய்துவிட்டார், இனிச் சட்டம் எதற்கு என்ற வாதம் அவரது கட்சியினருக்குப் போதுமானதாக இருந்தது. மசோதா கிடப்பில் விழுந்தது. சட்டத்தைத் தடுக்க அதிபர் எப்போதும் மறுக்கவேண்டியதில்லை, பாதியை மட்டும் தந்தாலே போதும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. ஆணைக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு நாம் அறிந்ததே. ஆணையைப் பிறப்பித்தவரே மறுநாள் விலக்கிக்கொள்ளலாம். சட்டத்தை அவ்வாறு விலக்க முடியாது.

வீட்டோவும் அதன் முறியடிப்பும்

1986 ஜூன் 12 அன்று தென்னாப்பிரிக்க அரசு நாடு முழுவதும் நெருக்கடி நிலையை அறிவித்தது. ஆறு நாள்கள் கழித்து, வணிகத்தை ஏறத்தாழ முற்றாகத் துண்டிக்கும் டெலம்சின் கடுமையான மசோதா பிரதிநிதிகள் அவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ரிச்சர்ட் லூகர், செனட் வெளியுறவுக் குழுவின் தலைவர் என்ற முறையில், அதைவிட மிதமான மசோதாவை உருவாக்கினார். அது ஆகஸ்டில் 84க்கு 14 என்று நிறைவேறியது. இரண்டுக்கும் இடையே மீண்டும் இழுபறி நடந்தால் காலம் கடந்துவிடும் என்பதை உணர்ந்த பிரதிநிதிகள் அவை, செனட்டின் வடிவத்தையே செப்டம்பரில் ஏற்றுக்கொண்டது. முழுமையான தடையைக் கோரியவர்கள், வீட்டோவைத் தாங்கக்கூடிய மசோதாவுக்காகத் தம் கோரிக்கையின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தனர்.

அரசமைப்பின்படி, ஞாயிற்றுக்கிழமைகள் நீங்கலாகப் பத்து நாள்களுக்குள் அதிபர் மசோதாவில் கையொப்பமிடலாம் அல்லது மறுப்பைத் தெரிவித்துத் திருப்பியனுப்பலாம். திருப்பியனுப்பப்பட்ட மசோதாவை இரு அவைகளும் தனித்தனியே மூன்றில் இரு பங்கு வாக்குகளால் மீண்டும் நிறைவேற்றினால் அது சட்டமாகும். செப்டம்பர் 26 அன்று ரேகன் வீட்டோ செய்தார். கூடவே புதிய நிர்வாக ஆணை ஒன்றை வெளியிடவும் முன்வந்தார். கறுப்பினத்தவரான எட்வர்ட் பெர்கின்சைத் தென்னாப்பிரிக்காவுக்கான தூதராக அறிவித்தார். தென்னாப்பிரிக்க வெளியுறவு அமைச்சர் பிக் போத்தாவோ வேளாண் மாநில செனட்டர்களைத் தொலைபேசியில் அழைத்து, தடை விதித்தால் அமெரிக்கத் தானியத்தை வாங்கமாட்டோம் என்று எச்சரித்தார். அந்த மிரட்டல் எதிர்விளைவையே தந்தது.

முந்தைய ஆண்டின் உத்தி இம்முறை பலிக்கவில்லை. செப்டம்பர் 29 அன்று பிரதிநிதிகள் அவை 313க்கு 83 என்றும், அக்டோபர் 2 அன்று செனட் 78க்கு 21 என்றும் வீட்டோவை முறியடித்தன. அதிபரின் சொந்தக் கட்சியைச் சேர்ந்த 31 செனட்டர்கள் அவருக்கு எதிராக வாக்களித்தனர். அடுத்த மாதம் இடைத்தேர்தல் வரவிருந்த நிலையில், நிறவெறியின் காவலராகத் தம் கட்சி அறியப்படுவதை அவர்கள் விரும்பவில்லை. அவர்களின் மனசாட்சி தானாக விழித்துக்கொண்டது என்று நாம் நம்பவேண்டியதில்லை. விழிக்காமல் இருப்பதற்குத் தரவேண்டிய விலையை உயர்த்தியது தூதரக வாயில் மறியல்.

சட்டத்தின் பிடி, அதிபரின் பிடி

புதிய முதலீடுகள், தென்னாப்பிரிக்க அரசுக்கான கடன்கள், நிலக்கரி, யுரேனியம், இரும்பு, எஃகு, துணி, வேளாண் பொருள்களின் இறக்குமதி ஆகியவற்றைச் சட்டம் தடைசெய்தது. தென்னாப்பிரிக்க விமானங்கள் அமெரிக்காவில் இறங்கும் உரிமையையும் பறித்தது. அதைவிட முதன்மையானது, தடைகள் எப்போது நீங்கும் என்பதை அதிபரின் விருப்பத்துக்கு விடாமல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. மண்டேலாவும் அரசியல் கைதிகளும் விடுதலை பெறவேண்டும். நெருக்கடி நிலை நீங்கவேண்டும். கட்சிகள் மீதான தடை அகலவேண்டும். குழுவாரி வாழிடச் சட்டமும் மக்கள் பதிவுச் சட்டமும் நீக்கப்படவேண்டும். கறுப்பின மக்களின் பிரதிநிதிகளோடு பேச்சு தொடங்கவேண்டும்.

எனினும், சட்டத்தை இயற்றியது காங்கிரசு என்றாலும் நடைமுறைப்படுத்துவது அதே அதிபரின் துறைகள்தான். யுரேனியத் தாதுவுக்கும் ஆக்சைடுக்கும் உள்ள தடை யுரேனியம் ஹெக்சாபுளோரைடுக்குப் பொருந்தாது என்று கருவூலத் துறை பொருள்கூறியது. இத்தகைய இறக்குமதி உரிமங்களை எதிர்த்து டெலம்சும் பிறரும் தொடுத்த வழக்கு, வழக்குத் தொடுக்கும் தகுதி அவர்களுக்கு இல்லை என்ற காரணத்தால் 1988இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. 1987 அக்டோபரில், சட்டப்படி அளிக்கவேண்டிய ஆண்டறிக்கையில், தடைகள் பயன்தரவில்லை, மேலும் தடைகள் வேண்டாம் என்று ரேகன் எழுதினார். காங்கிரசு கருவூலச் சாவியைக் கையிலெடுத்தது. தென்னாப்பிரிக்காவில் செலுத்திய வரிக்கு அமெரிக்க நிறுவனங்கள் பெற்றுவந்த வரிக் கழிவை, சார்லஸ் ரேஞ்சல் கொண்டுவந்த திருத்தம் நீக்கியது. 1989இல் மோபில் எண்ணெய் நிறுவனம் அந்நாட்டை விட்டு வெளியேறியதற்கு அது ஒரு முதன்மைக் காரணமாயிற்று.

நிறவெறி ஆட்சியை அமெரிக்கச் சட்டம் வீழ்த்தியது என்று சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. அதை வீழ்த்தியவர்கள் தென்னாப்பிரிக்க மக்கள். 1985இல் சேஸ் மன்ஹாட்டன் வங்கி கடனைப் புதுப்பிக்க மறுத்தபோதே அந்த அரசின் நிதி நிலை ஆட்டங்கண்டது. ஆனால் தன் மிகப் பெரிய புரவலர் இனித் துணை நிற்கமாட்டார் என்பதை பிரிட்டோரியாவுக்கு உணர்த்தியதில் இச்சட்டத்துக்குப் பங்குண்டு. 1990 பிப்ரவரி 11 அன்று விடுதலையான மண்டேலா, அவ்வாண்டு ஜூனில் அமெரிக்கக் காங்கிரசின் கூட்டுக் கூட்டத்தில் உரையாற்றினார். 1991 ஜூலையில், நிபந்தனைகள் நிறைவேறிவிட்டன என்று கூறி அதிபர் ஜார்ஜ் புஷ் தடைகளை நீக்கினார். அப்போது கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை வந்திருக்கவில்லை. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு அம்முடிவை எதிர்த்தது. நிபந்தனைகளின் பட்டியலில் வாக்குரிமை எழுதப்படாமல் போனதன் விலை அது.

நாம் கற்கவேண்டியது

வீட்டோ முறியடிப்பு அரிதானது. ஏமன் போரில் சவுதி அரேபியாவுக்கான அமெரிக்க உதவியை நிறுத்தும் தீர்மானத்தை இரு அவைகளும் நிறைவேற்றிய பின், 2019 ஏப்ரலில் அதிபர் டிரம்ப் அதை வீட்டோ செய்தார். செனட்டில் அதை முறியடிக்க 53 வாக்குகளே கிடைத்தன. மூன்றில் இரு பங்கு எட்டவில்லை. பெரும்பான்மை எதிர்த்தும் அதிபரின் கொள்கையே நின்றது.

நம் மக்களைப் பற்றியும் அந்த அவை பேசியதுண்டு. இந்தியாவில் தீண்டாமை நீடிப்பதைக் கவனத்தில் கொள்ளுமாறு அமெரிக்க அரசைக் கோரும் தீர்மானம் ஒன்றை 2007 ஜூலையில் பிரதிநிதிகள் அவை நிறைவேற்றியது. சாதியை விவாதப் பொருளாக்கக் கூடாது என்று 2001இல் அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில் இந்திய அரசு வாதிட்டதை நினைத்துப் பார்த்தால், அத்தீர்மானம் சிறிய செய்தி அல்ல. ஆனால் அது அவையின் கருத்தை அறிவிக்கும் இசைவுத் தீர்மானம். அது அதிபரின் மேசைக்குச் செல்வதில்லை; அவரை எதற்கும் கட்டுப்படுத்துவதில்லை; எந்த வணிகத்தையும் நிறுத்துவதில்லை.

எனவே ஓர் அயல்நாட்டு அவை நமக்காகப் பேசியது என்ற செய்தி வரும்போது நாம் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. அது தீர்மானமா, ஆணையா, சட்டமா? அதை விலக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது? நிபந்தனைகள் எழுதப்பட்டுள்ளனவா, அவற்றை எழுதும்போது பாதிக்கப்பட்டோர் கேட்கப்பட்டனரா? நிறைவேற்றப்படாவிட்டால் நீதிமன்றம் செல்லும் உரிமை எவருக்கேனும் தரப்பட்டுள்ளதா? ரேகனை வென்றவர்கள் முதல் மூன்று கேள்விகளுக்குப் பெருமளவு விடை கண்டனர். கடைசிக் கேள்விக்கு விடை எழுதாமல் விட்டதால்தான் தடைசெய்யப்பட்ட யுரேனியம் வேறொரு பெயரில் துறைமுகம் வந்து சேர்ந்தது.