காப்ஸ்யூலை முந்தும் சின்ன வெங்காயம்! சத்து ரத்தத்தில் சேருவது எப்படி?

காந்திகிராமம்:
திண்டுக்கல் மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் சின்ன வெங்காயம், காந்திகிராமம், சின்னாளபட்டி பக்கம் சாம்பாருக்கும் பழைய சோற்றுக்கும் தினமும் செலவாகிறது. இதில் உள்ள 'குவர்செட்டின்' என்ற பிளேவனாய்டு சத்தை காப்ஸ்யூலில் அடைத்தும் விற்கிறார்கள். காசு கூடக் கொடுத்தால் சத்தும் கூடக் கிடைக்கும் என்று வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் குடல் போடும் கணக்கே வேறு.

வெங்காயத்தில் குவர்செட்டின் தனியாக இருப்பதில்லை. குளுக்கோஸ் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. சின்ன வெங்காயம், பெல்லாரி இரண்டிலும் அப்படித்தான். சர்க்கரை ஒட்டிய சத்தை சிறுகுடல் உறிஞ்சாது என்றே விஞ்ஞானிகள் ரொம்ப காலம் நம்பினார்கள்.

1995-ல் நெதர்லாந்தில் அந்த நம்பிக்கை உடைந்தது. பெருங்குடல் அகற்றப்பட்ட 9 பேருக்கு வறுத்த வெங்காயம் கொடுத்து, வெளியே வந்த மிச்சத்தை அளந்தார்கள். வெங்காயத்தில் இருந்த குவர்செட்டினில் 52 சதவீதம் உடலுக்குள் போயிருந்தது. சர்க்கரை நீக்கிய சுத்தமான குவர்செட்டினில் 24 சதவீதம்தான். காப்ஸ்யூல்களில் பெரும்பாலும் இருப்பது இந்த சுத்த ரகம்!

காரணம் என்ன? சிறுகுடல் சுவரில் 'லாக்டேஸ்' என்ற என்சைம் இருக்கிறது. பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கிற அதே என்சைம்தான். அது குளுக்கோசை நறுக்கிவிட, குவர்செட்டின் குடல் சுவருக்குள் நழுவி விடுகிறது. ஒரு மணி நேரத்துக்குள் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது.

டீயில் உள்ள 'ருட்டின்' கதை வேறு. அதுவும் குவர்செட்டின்தான், ஆனால் ஒட்டியிருக்கும் சர்க்கரை வேறு. லாக்டேசால் அதை வெட்ட முடியாது. பெருங்குடல் வரை போய், அங்குள்ள பாக்டீரியாக்கள் உடைக்கணும். ரத்தத்தில் உச்சம் தொட சுமார் 9 மணி நேரம் ஆகிறது.

மாத்திரையை நிறுத்தாதீங்க!

உள்ளே போன சத்து அப்படியே சுற்றுவதில்லை. குடல் சுவரும் கல்லீரலும் அதை உருமாற்றி, பிறகு சிறுநீரில் அனுப்பி விடுகின்றன. அதனால் சோதனைக் குழாயில் சுத்த குவர்செட்டின் செய்ததெல்லாம் உடம்புக்குள்ளும் நடக்கும் என்று சொல்ல முடியாது. 'வெங்காயம் தின்றால் சுகர் ஓடிப்போகும்' என்று வாட்ஸ்-அப்பில் வருவதை நம்பி மாத்திரையை நிறுத்துவது விபரீதம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் குவர்செட்டின் காப்ஸ்யூலைத் தொடவே கூடாது.

சமையலில் கவனிக்க வேண்டியது உரிக்கும்போதுதான். வெங்காயத்தின் வெளி அடுக்குகளில்தான் குவர்செட்டின் அதிகம். காய்ந்த சருகை மட்டும் நீக்கினால் போதும். அவசரத்தில் சதையோடு சேர்த்து ரெண்டு அடுக்கை உரித்துப் போட்டால் நல்ல பங்கு குப்பைக்குப் போகிறது. வேக வைத்தால் கொஞ்சம் தண்ணீரில் இறங்கும். சாம்பார், குழம்பு என்றால் கவலையில்லை, அந்தத் தண்ணீரும் தட்டுக்குத்தானே வருகிறது! வெள்ளை வெங்காயத்தில் மட்டும் இந்த சத்து மிகக் குறைவு.