ஆண்டெனா வாங்கினால் எல்லா சேனலும் இலவசமா?

நம் சங்கத்தைச் சேர்ந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அலுவலக மேஜை மேல் வைத்தார். உள்ளே சாப்பாட்டுத் தட்டுக்கு அடியில் விரிக்கும் விரிப்பைப் போல மெல்லிய கறுப்புத் தகடு, அதிலிருந்து ஒரு வயர். வீட்டுக்குள்ளேயே மாட்டும் டி.வி. ஆண்டெனா. "ஒரு முறை வாங்கினால் போதும், 200 சேனல் இலவசம், கேபிள் காசு மிச்சம்" என்று சொல்லி ஓர் ஏஜண்டு 24 பெட்டிகளைத் தலையில் கட்டியிருக்கிறார். கடை வாசலில் ஷாம்பு சாஷே சரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டதில் ஒரே வாரத்தில் 6 விற்றுவிட்டன. அடுத்த வாரம் 4 திரும்பி வந்தன.

"பணம் போனால் போகட்டும் அண்ணாச்சி. முப்பது வருஷமா என் கடையில் எடை குறைஞ்சதுன்னு ஒருத்தர் வந்து நின்னதில்லை. இப்போ இதுக்காக வந்து நிக்கிறாங்க" என்றார் அவர். அவருடைய வருத்தம் நமக்குப் புரிந்தது. வேறு உறுப்பினர்களும் இதே சரக்கை எடுக்க யோசிப்பதாகக் கேள்விப்பட்டதால் விஷயத்தை விளக்கமாகவே எழுதுகிறோம்.

முதலில் சங்க அலுவலக டி.வி.யில் அந்த ஆண்டெனாவைச் செருகிச் சேனல் தேடவிட்டோம். ஒன்றும் வரவில்லை. ஜன்னலில் ஒட்டிப் பார்த்தோம், நீளமான வயர் போட்டு மொட்டை மாடிக்கும் கொண்டுபோனோம். அங்கும் பூஜ்யம்தான். பொருளில் பழுது இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அது பிடிப்பதற்கு நம் ஊர்க் காற்றில் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

ஆண்டெனா எந்தச் சேனலையும் உண்டாக்குவதில்லை. எங்கோ ஓர் உயரமான கோபுரம் வெளியிடும் அலையைப் பிடித்து டி.வி.க்குக் கொடுப்பதே அதன் வேலை. மண்டிக்கு லாரியே வராத நாளில் தராசைத் துடைத்து வைத்து என்ன பயன்? ஏஜண்டு கூடவே விற்கும் 'பூஸ்டர்' கதையும் இதுதான். மெலிதாக வரும் அலையை அது பெருக்கித் தரும். வராத அலையைப் பெருக்கினால் இரைச்சல்தான் மிஞ்சும்.

ஒரு காலத்தில் நம் பக்கத்திலும் அலை வந்துகொண்டிருந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. டி.வி. மேல் இரண்டு கொம்பு ஆண்டெனாவும், மாடியில் அலுமினியக் குழாய் ஆண்டெனாவும் வைத்துப் பார்த்தவர்கள் நம்மில் பலர். தெற்கே கடலோரத்து ஊர்களில் இன்னும் உயரமாகக் கம்பம் நட்டு இலங்கையின் ரூபவாஹினியையும் பிடித்தார்கள். காற்றடித்தால் ஒருவர் மாடியில் ஏறித் திருப்புவார், இன்னொருவர் கீழேயிருந்து "வருது, வருது, போச்சு" என்று குரல் கொடுப்பார். கேபிள் வந்தபின் அந்தக் கம்பங்கள் துணி காயப்போடத்தான் உதவின.

பார்ப்பவர் குறைந்ததும் தூர்தர்ஷனும் கடையைக் கட்டியது. பழைய அனலாக் முறையில் இயங்கிய தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்களை 2021 அக்டோபர், டிசம்பர், 2022 மார்ச் என மூன்று கட்டமாக மூடுவதாகப் பிரசார் பாரதி அறிவித்தது. 152, 109, 151 என்பது அதன் கணக்கு. முக்கியமான இடங்களில் சுமார் 50 கோபுரங்களை மட்டும் வைத்துக்கொண்டது. 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு தொடங்கியது உண்மை. அதற்குத் தனி ட்யூனர் தேவைப்பட்டது, அது மக்களிடம் பரவவில்லை. தனியார் சேனல்களோ நம் நாட்டில் தரைவழியே வந்ததே கிடையாது. கேபிள், டிஷ், இன்டர்நெட் ஆகியவைதான் அவற்றுக்கு வழி. ஆகவே '200 சேனல்' என்பது பொய்.

பெட்டியின் மேல் எப்படி அச்சடித்தார்கள் என்றால், அது வெளிநாட்டுக்காகத் தயாரான சரக்கு. அமெரிக்காவில் பெரிய சேனல்கள் பல இன்றும் ஆண்டெனாவில் இலவசமாக வருகின்றன. சிங்கப்பூரில் 2019 தொடக்கத்தில் அனலாக்கை நிறுத்தி டிஜிட்டலுக்கு மாறினார்கள். அங்கே வீட்டுக்குள் இதைப் போன்ற ஒரு தகட்டை ஒட்டிவைத்தே வசந்தம் தமிழ்ச் சேனலைப் பார்க்கலாம். அங்கிருக்கும் உறவினர் "நன்றாக வருகிறதே" என்று சொன்னால் அவர் சொல்வது சரி. இங்கே வாங்கியவர் ஏமாந்ததும் சரி.

நம் நாட்டில் சந்தா இல்லாமல் டி.வி. பார்க்க உண்மையான வழி ஒன்று உண்டு. அது டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 சேனல்களுடன் தொடங்கிய தூர்தர்ஷனின் சேவை, இன்று கல்விச் சேனல்களையும் சேர்த்தால் நூற்றுக்கு மேல் தருகிறது. ஆகாசவாணி நிலையங்கள் பலவும் கேட்கலாம். டிஷ், எல்.என்.பி., செட்டாப் பாக்ஸ், வயர், மாட்டுகூலி எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2,000 ரூபாய் ஆகும். அதன் பிறகு மாதக் கட்டணம் கிடையாது. 'ரீசார்ஜ்' என்று யாராவது வந்து கேட்டால் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

டிஷ் பார்க்கவேண்டிய ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. நமக்கு அது அக்னி மூலை. சென்னையில் கிட்டத்தட்ட சரியாகத் தென்கிழக்கு, மதுரைப் பக்கம் சற்றுக் கிழக்கே தள்ளி. தலைக்கு மேல் உயரத்தில் இருப்பதால் எதிர்வீட்டுச் சுவர் பெரும்பாலும் மறைக்காது. தென்னைமரமும் தண்ணீர்த் தொட்டியும் மறைக்கலாம். பெருமழையில் சற்று நேரம் படம் நிற்கும், மழை விட்டதும் தானே வந்துவிடும், மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை. புதிய டி.வி. சிலவற்றில் செயற்கைக்கோள் ட்யூனர் உள்ளேயே இருக்கும். கேட்டு வாங்கினால் பாக்ஸ் செலவு மிச்சம்.

இதிலும் ஒரு குறை உண்டு. அதை மறைத்தால் நாமும் அந்த ஏஜண்டு மாதிரிதான். ஃப்ரீ டிஷ்ஷில் இடம்பெறும் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடித்து வருபவை, பெரும்பகுதி இந்தி. தமிழில் முன்பு பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறிய டிடி தமிழ் வரும். நம் வீட்டுப் பெண்கள் விடாமல் பார்க்கும் சீரியல்களின் தனியார் தமிழ்ச் சேனல்கள் வராது. கேபிளுக்கு மாதம் 200 ரூபாய் கொடுப்பவருக்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய் ஆகிறது. டிஷ் செலவு பத்தே மாதத்தில் எடுபட்டுவிடும் என்பது கணக்கு. ஆனால் சீரியல் நின்றுபோன வீட்டில் அந்தக் கணக்கு எடுபடுமா என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும். செய்தி, பழைய படம், பிள்ளைகளின் பாடம் போதும் என்பவருக்கும், கடையில் வடமாநிலத் தொழிலாளர் தங்கியிருப்பவருக்கும் இது நல்ல ஏற்பாடு. டிஷ் வைக்க இடமில்லாதவர்கள், பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' செயலியில் தூர்தர்ஷன் சேனல்களைப் பார்க்கலாம். செயலி இலவசம், டேட்டா செலவு நம்முடையது.

இந்த ஆண்டெனாக்களை ஏற்கெனவே கொள்முதல் செய்தவர்கள் விற்பனையை நிறுத்திவைக்க வேண்டுகிறோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி வாடிக்கையாளர் புகார் கொடுத்தால், விற்ற கடைக்காரரையும் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். "ஏஜண்டு சொன்னார்" என்பது அங்கே பதிலாகாது. இதைப் போன்ற புதுச் சரக்கை யார் கொண்டுவந்தாலும் ஒரு பீஸை வாங்கி நம் வீட்டு டி.வி.யிலேயே போட்டுப் பார்த்தபின் ஆர்டர் கொடுக்கலாம். ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் தராதவரிடம் பேச்சே வேண்டாம். நம் உறுப்பினருக்குக் கிடைத்தது வெறும் துண்டுச் சீட்டுதான், அதிலிருந்த செல் நம்பர் இப்போது அணைந்து கிடக்கிறது.

திருப்பிக் கொண்டுவராத இரண்டு வாடிக்கையாளர்களையும் அவரே தேடிப்போய்ப் பணத்தைக் கொடுத்துப் பெட்டியை வாங்கிவந்துவிட்டார். இப்போது 24 பெட்டிகளும் சங்க அலுவலக அலமாரியில் இருக்கின்றன. ஏஜண்டு எந்தக் கடைக்கு வந்தாலும் இங்கே அழைத்துவரும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.